நர்மதைக் கரையின் காட்சி முனைகள்

தொழில் நிமித்தமாகத் தமிழ்நாட்டை விட்டு வெளி மாநிலங்களிலே வாழ்கின்ற நம்மிடம், "நீங்கள் இருக்கும் ஊர் எப்படி?" என்று உறவினர் கேட்டால் நாம் என்ன விடை கூறுகிறோம்? வெயில் கடுமை என்கிறோம். குளிர் கொடுமை என்கிறோம். புழுங்கலரிசி கிடைக்கும் கடை எது, பிள்ளைகளின் பள்ளி எவ்வளவு தொலைவு, இரயில் எத்தனை மணிக்கு என்பனவற்றையெல்லாம் விரிவாக எடுத்துரைக்கிறோம். அவ்வூரின் ஆறு எங்கே பிறக்கிறது, எந்தத் திசையில் ஓடுகிறது, எந்தக் குன்றின்மேல் நின்றால் அதன் அழகு முழுவதும் கண்ணுக்குப் புலனாகும் என்று கேட்டால், நம்மில் பலர் வாய் திறப்பதில்லை. இருபது ஆண்டுகள் ஓர் ஊரிலே குடியிருந்துவிட்டு, குடியிருப்பு, அலுவலகம், கடைத்தெரு, நிலையம் என்ற நான்கு இடங்களை மட்டும் அறிந்து திரும்புவது நம்மவரிடையே அரிதன்று. விடுமுறை வந்ததும் தெற்கு நோக்கிப் புறப்படுகிறோம். புறப்படுவது இயற்கையே. ஆனால், ஆண்டிலே பதினொரு மாதங்கள் நமக்குக் குடிநீர் தருகின்ற நிலத்தை இரயில் பெட்டியின் சன்னல் வழியாக மட்டும் பார்ப்பது போதுமா என்பதே நாம் இன்று எண்ணிப் பார்க்க விரும்பும் செய்தி.

இதற்கு எடுத்துக்காட்டாக நர்மதை நதி பாயும் நாட்டுப்புறத்தை எடுத்துக்கொள்வோம். ஜபல்பூரிலே பாதுகாப்புத் தளவாடத் தொழிற்சாலைகளிலும், இரயில்வேயிலும், இராணுவத்திலும், பிற மத்திய அரசு அலுவலகங்களிலும் தமிழர் பலர் தலைமுறை தலைமுறையாகப் பணி புரிந்து வந்திருக்கின்றனர். வேறிடங்களில் வாழ்வோருட் பலரும் வடக்கும் தெற்குமாகப் பயணம் செய்யும்பொழுது இந்நதியைக் கடந்து செல்கின்றனர். அன்றியும், நீராடும்போது சொல்லும் ஏழு நதிகளின் பெயர்களிலே காவிரியோடு நர்மதையையும் சேர்த்துச் சொல்லுகிற வழக்கம் நம் இல்லங்களில் நெடுங்காலமாக உண்டு. நம் வீட்டுப் பூசைகளில் வைத்துப் போற்றும் பாணலிங்கமும் நர்மதையின் நீரோட்டத்தில் உருண்டு வழுவழுப்பான கல்லே. ஆகவே, பெயரளவிலே நமக்கு நர்மதை பழைய உறவு. கண்ணளவிலேதான் அவள் இன்னும் அயலாள்.

நர்மதையின் நீளம் ஏறத்தாழ 1,312 கிலோமீட்டர். வடக்கே விந்தியமும் தெற்கே சாத்பூராவும் அரண்போல நிற்க, அவற்றின் இடையே அமைந்த நீண்ட பள்ளத்தாக்கின் வழியே மேற்கு நோக்கி ஓடி, குஜராத்தில் பரூச் நகருக்கு அப்பால் காம்பே வளைகுடாவில் கலக்கிறது. கோதாவரி, கிருஷ்ணா, காவிரி முதலிய நம் பெரிய ஆறுகள் கிழக்கே பாய்வன. நர்மதை மேற்கே பாய்வதற்குக் காரணம், நிலவுலகின் மேலோடு பிளவுற்று அமிழ்ந்ததனால் உண்டான பள்ளத்தாக்கைத் தன் வழியாகக் கொண்டமையே என்பர் நிலநூல் வல்லார். அப்பிளவு இன்னும் முற்றிலும் அடங்கிவிடவில்லை. 1997ஆம் ஆண்டு மே மாதம் 22ஆம் நாள் விடியுமுன்னர் ஜபல்பூரை உலுக்கிய நிலநடுக்கம் இப்பள்ளத்தாக்கின் ஆழத்திலிருந்தே எழுந்தது.

ஓர் ஆற்றைக் காண விரும்புவோர் அதன் தலையிலிருந்து தொடங்குவது நன்று. மத்தியப் பிரதேசத்தின் கிழக்குக் கோடியில், மைகல் மலைத்தொடரின் மேல், கடல் மட்டத்திற்கு ஆயிரம் மீட்டருக்கும் சற்று மிகுந்த உயரத்தில் உள்ளது அமரகண்டகம். பிலாசுப்பூரிலிருந்து கட்னி செல்லும் இருப்புப்பாதையில் பெண்டிரா ரோடு என்னும் நிலையத்தில் இறங்கி, சால மரங்கள் அடர்ந்த காட்டின் வழியே மேலேறிச் செல்லவேண்டும். அங்கே கோயில்கள் சூழ்ந்த ஒரு குளத்திலே நர்மதை ஊற்றெடுக்கிறாள். குளத்தைப் பார்ப்பவர்க்கு, இதுவா அத்தனை பெரிய ஆறு என்ற ஐயம் தோன்றாமற் போகாது. அவ்வளவு சிறியது. அருகிலே கலசூரி மன்னர் காலத்துக் கற்கோயில்கள் சில அமைதியாக நிற்கின்றன. திருவிழாக் கூட்டத்தில் பலர் அவற்றைப் பார்க்காமலே திரும்பிவிடுகின்றனர்.

அமரகண்டகத்திலே காணவேண்டிய காட்சி முனை சோன்முடா. சோன் நதியின் பிறப்பிடம் என்று மக்கள் போற்றும் அவ்விடத்தில், ஒரு சிற்றோடை மெல்ல ஊர்ந்து வந்து, பீடபூமியின் விளிம்பிலிருந்து கீழே காட்டுக்குள் விழுந்து மறைகிறது. விளிம்பிலே நின்றால் எதிரே நிலம் இல்லை. மரங்களின் உச்சிகளும், அவற்றின்மேல் படர்ந்த மூடுபனியும், அதற்கப்பால் கதிரவன் எழும் வானமுமே உள்ளன. அவ்விடத்தில் நிற்பவர் ஓர் உண்மையை நினைவிற்கொள்ள வேண்டும். இந்த மேட்டின் ஒரு சரிவில் விழும் மழைத்துளி நர்மதையாகி அரபிக் கடலைச் சேர்கிறது. மறு சரிவில் விழும் துளி சோன் நதியாகிப் பாட்னாவுக்கு அருகே கங்கையிற் கலந்து வங்கக் கடலைச் சேர்கிறது. சில அடி தொலைவுதான் இரண்டு கடல்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு!

நிலநூல் கூறும் இச்செய்தியையே நாட்டுப்புற மக்கள் கதையாக்கி வைத்திருக்கின்றனர். நர்மதைக்கும் சோனுக்கும் மணம் பேசப்பட்டதாம். தூது சென்ற ஜோகிலா என்னும் தோழியிடம் சோன் மனத்தைப் பறிகொடுத்தானாம். அதனை அறிந்த நர்மதை சினமுற்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு, மேற்கு நோக்கித் தனியே நடந்துவிட்டாளாம். ஜோகிலா என்பது சோனிற் கலக்கும் ஒரு துணையாறு. வரைபடத்தை விரித்துப் பார்த்தால் கதை எழுதியவர்களின் கண் எவ்வளவு கூர்மையானது என்பது விளங்கும். நீர் பிரியும் மேட்டைக் குழந்தைக்கும் மறவாதபடி சொல்லித் தர இதனினும் எளிய வழி ஏது?

குளத்திலிருந்து சில கிலோமீட்டர் சென்றதும் நர்மதை தன் முதற் பாய்ச்சலைப் பாய்கிறாள். கபில முனிவரின் பெயரால் வழங்கும் கபிலதாரை என்னும் அவ்வருவி சுமார் நூறு அடி உயரமுடையது. அதற்குச் சற்றுக் கீழே தூத்தாரை, அதாவது பாலருவி. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இப்பெயர்களில் ஒரு தனி ஈடுபாடு உண்டு. நர்மதை என்றால் இன்பம் அளிப்பவள். அவளுடைய மற்றொரு பெயர் ரேவா. துள்ளிக் குதித்துச் செல்பவள் என்பது அதன் பொருள். அகராதியைப் பார்த்து அறிந்த அப்பொருள், கபிலதாரையின் எதிரே நிற்கும்பொழுதுதான் உள்ளத்தில் பதிகிறது.

மலையிலிருந்து இறங்கிய ஆறு மண்டலா மாவட்டத்தின் வழியே வளைந்து வளைந்து செல்கிறது. இது கோண்டு மக்களின் நாடு. மண்டலா நகருக்கு அருகே, கரும்பாறைகளின் இடையே ஆறு பல கூறுகளாகப் பிரிந்து ஓடும் சகஸ்ரதாரை என்னும் இடம் உண்டு. அமரகண்டகத்துக்கும் ஜபல்பூருக்கும் இடைப்பட்ட நிலத்தில் குகுவா என்னும் ஊரில், கல்லாகிப் போன மரங்களைப் பாதுகாத்து வைத்திருக்கின்றனர். பனையினத்து மரங்கள் வரிவரியான நாரும் தெரியக் கல்லாய்க் கிடக்கின்றன. ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று மதிக்கப்படும் அம்மரங்கள், எரிமலைக் குழம்பு இந்நாட்டை மூடிய காலத்தில் புதையுண்டவை. பனைநாட்டிலிருந்து சென்ற நாம், பேச்சு வார்த்தை இல்லாமலே அவற்றை அடையாளம் கண்டுகொள்கிறோம்!

ஜபல்பூரை அணுகுமுன் நர்மதை ஒரு பெரிய நீர்த்தேக்கமாக விரிகிறது. அது 1990ஆம் ஆண்டில் நிறைவுற்ற பர்கி அணையினால் உண்டானது. மாலை வெயிலில் அப்பரப்பு கடலெனத் தோன்றும். அந்த அழகை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அந்த நீருக்கு அடியிலே நூற்றுக்கும் மேற்பட்ட சிற்றூர்களின் நிலங்கள் கிடக்கின்றன என்பதையும் மறத்தலாகாது. அங்கிருந்து பெயர்ந்தவர்களுட் பலர் பிழைப்புத் தேடி நகரங்களை அடைந்தனர். ஊரைவிட்டு வந்து வேற்றிடத்தில் வாழ்வதன் பொருள் நமக்குத் தெரியும். நமக்கேனும் திரும்பிச் சென்று காண ஓர் ஊர் இருக்கிறது. அவர்களுக்கு அதுவும் இல்லை. காட்சியைக் காண்பவன் அதன் விலையையும் அறிந்து காண்பதே முறை.

ஜபல்பூர் நகரத்திலேயே ஒரு காட்சி முனை உண்டு. கருங்கற் குன்று ஒன்றின் உச்சியில், ஒரு பெரும்பாறையின்மேல் கட்டப்பட்ட மதன் மகால் என்னும் கோண்டு அரசர் காலத்துச் சிறு கோட்டை அது. 1564ஆம் ஆண்டில் மொகலாயப் படையோடு பொருது உயிர் நீத்த இராணி துர்க்காவதியின் நினைவோடு மக்கள் அதனை இணைத்துப் பேசுகின்றனர். அடிவாரத்தில் ஒரு பாறையின்மேல் மற்றொரு பெரும்பாறை, தொட்டால் விழுந்துவிடும் என்னும்படி நிற்கிறது. முன்னே கூறிய 1997ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் எத்தனையோ கட்டடங்கள் சிதைந்தன. இந்தப் பாறையோ அசையவில்லை. மாமல்லபுரத்துப் பாறையைக் கண்டவர்கள் அதன் உடன்பிறப்பை இங்கே காணலாம்.

நகரத்திலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டருக்குட்பட்ட தொலைவில் உள்ளது பேடாகாட். இப்பகுதிக்கு வருவோர் அனைவரும் காண விரும்புவது இதனையே. இங்கே முதலிற் காண்பது துஆந்தார் அருவி. துஆன் என்றால் புகை. தார் என்றால் தாரை. புகைத்தாரை என்று நேராக மொழிபெயர்த்துவிடலாம். ஒகேனக்கல் என்ற பெயருக்கும் புகையும் கல் என்று பொருள் கூறுவர். ஒன்றையொன்று காணாத இரு ஆற்றங்கரைகளிலே, வெவ்வேறு மொழி பேசும் மக்கள், நீர்த்திவலை எழுவதைக் கண்டு புகையையே நினைத்தனர் என்பது எண்ணி மகிழத்தக்கது. ஒகேனக்கல்லைப் பார்த்தவர்கள் துஆந்தாரை ஓர் அந்நியமான காட்சியாகக் கருதமாட்டார்கள்.

இவ்வருவியை இரு கரைகளிலிருந்தும் காணவேண்டும். ஒரு கரையில் நெருங்கி நின்றால் ஓசையும் திவலையும் நம்மைச் சூழ்ந்துகொள்ளும். அருவியின் வடிவம் தெரியாது. மறுகரையிலிருந்து பார்த்தால்தான் அகன்ற ஆறு முழுவதும் ஒடுங்கி ஒரு பிளவுக்குள் விழும் விதம் புலனாகும். கரையைக் கடக்க இப்பொழுது கம்பிவடத்தில் தொங்கிச் செல்லும் ஊர்திகளும் உண்டு. மழைக்காலத்திலே வந்தால் அருவியே இராது! வெள்ளம் பெருகிப் பள்ளத்தை நிரப்பிவிடுவதால் விழுவதற்கு இடமின்றி ஆறு ஒரே மட்டமாக ஓடும். ஆதலால் ஐப்பசிக்குப் பின்னர், மாசி பங்குனி வரையிலான காலமே ஏற்றது.

அருவியைக் கடந்த ஆறு, வெள்ளைக் கற்சுவர்கள் இருபுறமும் எழுந்து நிற்கும் ஒடுங்கிய பிளவினுள் நுழைகிறது. இதுவே புகழ்பெற்ற பளிங்குப் பாறைகள். 1871ஆம் ஆண்டில் வெளிவந்த 'மத்திய இந்திய மேட்டுநிலங்கள்' பற்றிய தம் ஆங்கில நூலில் காப்டன் ஜேம்ஸ் பார்சைத் இவற்றைப் புகழ்ந்து எழுதியது முதல், வெளிநாட்டவரும் இவற்றை நாடி வரலாயினர். பழங்காலக் கடலின் அடியில் படிந்த சுண்ணாம்பும் மக்னீசியமும் கலந்த கல், நிலத்தின் உள்ளே வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிப் பளிங்காயிற்று. இடையிடையே கரும்பச்சை நிறமான எரிமலைப் பாறைகள் அதனை ஊடுருவிச் செல்கின்றன. பிளவின் ஓரிடத்தில் இரு சுவர்களும் மிக நெருங்கி வருவதால், ஒரு காலத்தில் குரங்குகள் இக்கரையிலிருந்து அக்கரைக்குத் தாவின என்பர். அதற்கு பந்தர் கூத்னி, அதாவது குரங்குப் பாய்ச்சல், என்றே பெயர்.

பஞ்சவடித் துறையிலிருந்து படகில் செல்லவேண்டும். துடுப்புப் போடுகிறவர்களே வழிகாட்டிகள். பாறைகளின் வடிவங்களைச் சுட்டி, எதுகையும் மோனையும் கலந்து, இடையிடையே நகைச்சுவையும் பெய்து அவர்கள் சொல்லிச் செல்லும் வருணனை தனிக் கலையாகும். அதனைத் தமிழில் பெயர்த்துவிட வேண்டும் என்று நாம் முயன்றதுண்டு. பொருள் வந்தது, ஓசை வரவில்லை. எந்த நேரம் சிறந்தது என்று ஒரு முதிய படகோட்டியிடம் வினவினோம். "பகலில் வந்தால் வெள்ளை, மஞ்சள், கறுப்பு என்று நிறங்களைப் பார்க்கலாம், பாபுஜி. பௌர்ணமி இரவில் வந்தால் நிறம் எதுவும் இராது. ஆனால், படகில் இருப்பவர்கள் பேசுவதை நிறுத்திவிடுவார்கள்" என்றார் அவர். எந்த வழிகாட்டி நூலிலும் இதனினும் நல்ல குறிப்பு நாம் கண்டதில்லை.

பேடாகாட்டின் மேல் ஒரு குன்று. நூற்றுக்கு மேற்பட்ட படிகள் ஏறினால் வட்ட வடிவமான சுற்றாலையோடு கூடிய யோகினி கோயிலை அடையலாம். அறுபத்துநான்கு யோகினிகளின் கோயில் என்று பெயர். ஆனால் சுற்றாலையில் இருப்பவை 81 மாடங்கள். பத்தாம் நூற்றாண்டைச் சார்ந்த கலசூரி மன்னர் காலத்தது என்று ஆராய்ச்சியாளர் கருதுவர். சிற்பங்களுட் பெரும்பாலானவை சிதைவுற்றிருப்பினும், அவற்றின் எழில் மறையவில்லை. கலசூரிகளின் தலைநகரமாயிருந்த திரிபுரி இங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் தேவார் என்னும் சிற்றூராக இன்று உள்ளது. 1939ஆம் ஆண்டில் சுபாஷ் சந்திர போசின் தலைமையில் காங்கிரசு மகாசபை கூடியதும் அத்திரிபுரியின் பெயராலேயே.

இங்கே நமக்கு ஒரு நெருங்கிய தொடர்பு உண்டு. கலசூரி மன்னரின் ஆதரவில் நர்மதைக்கும் கங்கைக்கும் இடைப்பட்ட நாட்டில் கோளகி மடம் என்ற சைவ மடம் ஒன்று தழைத்திருந்தது. 1261ஆம் ஆண்டைச் சார்ந்த மல்காபுரம் கல்வெட்டு அதன் குரு மரபை விரிவாகக் கூறுகிறது. அம்மடத்தைச் சார்ந்த ஆசாரியர்கள் ஆந்திர நாட்டிலும், பின்னர்த் தமிழ்நாட்டிலும் பரவிச் சைவ ஆகமங்களைக் கற்பித்தனர். 'கோளகி' என்ற பெயர் இந்த வட்டக் கோயிலிலிருந்தே வந்தது என்பாரும் உளர். வேறிடத்தைச் சுட்டுவாரும் உளர். எவ்வாறாயினும், இங்கிருந்து தெற்கே நடந்து சென்று நம் ஊர்களில் குடியேறி, நம் மொழியைக் கற்று வாழ்ந்தவர்கள் உண்டு என்பது தெளிவு. அவர்களும் நம்மைப்போல் வெளி மாநிலத்தவரே!

பேடாகாட்டுக்கு அண்மையில் உள்ள லமேடா துறையின் பாறைகளுக்கு உலக அறிவியலில் ஓர் இடம் உண்டு. 1828ஆம் ஆண்டில் ஸ்லீமன் என்னும் ஆங்கில அதிகாரி ஜபல்பூர்ப் பகுதியில் கண்டெடுத்த எலும்புகள் பெரும் பல்லியினத்து விலங்கான டைனோசருடையவை என்று பின்னர்த் தெளிவாயின. 1877ஆம் ஆண்டில் லிடெக்கர் என்ற அறிஞர் அதற்கு டைட்டனோசாரஸ் இண்டிகஸ் என்று பெயரிட்டார். நம் அரியலூர்ப் பக்கத்துப் பாறைகளிலே அக்காலக் கடல் உயிர்களின் சுவடுகள் பதிந்திருப்பதுபோல, இங்கே நிலத்து விலங்குகளின் சுவடுகள் பதிந்துள்ளன. பேடாகாட்–லமேடாகாட் பகுதி 2021ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலிலே சேர்க்கப்பட்டது.

இவ்வளவு பெருமையுடைய இடத்திற்கு நாம் செய்யும் கைம்மாறு என்ன? விடுமுறை நாளின் மாலையில் அக்கரையிலே கிடக்கும் நெகிழித் தாள்களையும் புட்டிகளையும் கண்டால் நெஞ்சம் வருந்தும். இருநூறு கோடி ஆண்டுகளை நெருங்கும் பாறையின்மேல் தம் பெயரைக் கீறுகிறவரும் உளர். நினைவுப் பொருள் வேண்டுமாயின், கரையிலே மாக்கல்லைக் கடைந்து சிறு சிறு உருவங்கள் செய்து விற்கும் குடும்பங்கள் இருக்கின்றன. நம் சமையலறையின் கல்சட்டியும் அந்த இனத்துக் கல்தான். அவர்களிடம் ஒரு பொருள் வாங்கினால் கைவினையும் வாழும், பாறையும் பிழைக்கும். மற்றொன்றையும் வற்புறுத்திச் சொல்லவேண்டும். அருவிக்கு மேலுள்ள பாறைகள் வழுவழுப்பானவை. மேலே அணையிலிருந்து நீர் திறக்கப்படும் நாட்களில் மட்டம் விரைந்து உயரும். புகைப்படத்திற்காகத் தடுப்பைத் தாண்டிச் சென்று உயிரிழந்தோர் உண்டு. காட்சி முனை என்பது நின்று பார்ப்பதற்கு வரையறுத்த எல்லை. அதனைத் தாண்டினால் காட்சியும் இல்லை, காண்பவரும் இல்லை.

இறுதியாக ஒருவரைப் பற்றிக் கூறவேண்டும். அமிர்தலால் வேகட் என்பவர் 1928ஆம் ஆண்டில் ஜபல்பூரில், குஜராத்தி பேசும் குடும்பத்திலே பிறந்தவர். சாந்திநிகேதனத்தில் நந்தலால் போசிடம் ஓவியம் பயின்று, சொந்த ஊரில் ஆசிரியப் பணி ஆற்றியவர். நர்மதையை வலம் வருதல் ஒரு பழைய நோன்பு. ஆற்றை எப்பொழுதும் வலப்பக்கமே வைத்து, எங்கும் குறுக்கே கடவாமல், ஒரு கரையில் சென்று மறுகரையில் திரும்புவர். மூன்று ஆண்டு, மூன்று மாதம், பதின்மூன்று நாள் என்பது மரபுக் கணக்கு. வேகட் அவர்கள் ஐம்பது வயதை அணுகும் தறுவாயில், 1977இல், அப்பயணத்தை விடுமுறைதோறும் சிறிது சிறிதாக நடக்கத் தொடங்கினார். கண்டதை ஓவியமாக வரைந்தார். இந்தியிலும் குஜராத்தியிலும் எழுதினார். அவருடைய குஜராத்தி நூல் 2004ஆம் ஆண்டின் சாகித்திய அக்காதெமிப் பரிசைப் பெற்றது. 2018ஆம் ஆண்டில் அவர் மறைந்தபொழுது நர்மதைக் கரை முழுவதும் அவரைத் தன் மகன் என்றே நினைத்து வருந்தியது.

அவருடைய வீட்டு மொழி வேறு. ஊர் மொழி வேறு. அதனால் அவருக்கு ஆறு அந்நியமாகிவிடவில்லை. வீட்டு மொழியை விட்டுவிட்டு அவர் ஆற்றைப் பெறவும் இல்லை. இரண்டையும் வைத்துக்கொண்டார், இரண்டும் வளம் பெற்றன. தமிழை மறந்தால்தான் பிற நாட்டை நேசிக்க முடியும் என்றோ, பிற நாட்டை நேசித்தால் தமிழ் குறைந்துவிடும் என்றோ அஞ்சுவோர்க்கு இவர் வாழ்க்கையே விடை. நம் பிள்ளைகள் பிறந்ததும் வளர்வதும் இந்த ஊர்களிலேதான். பாட்டனாரின் ஊர் ஆற்றின் பெயரை அவர்களுக்கு நாம் சொல்லிக் கொடுக்கிறோம். அது நம் கடமை. அவர்கள் தண்ணீர் குடிக்கும் ஆற்றின் பெயரையும், அது பிறக்கும் மேட்டையும், அது விழும் பாறையையும் காட்டிக்கொடுப்பதும் அதே கடமையின் மறுபாதி.

இதற்குப் பெரும் பொருளோ நெடும் விடுப்போ தேவையில்லை. நர்மதை வேண்டுமென்பதும் இல்லை. மகாநதியின் கரையிலோ, தாமோதரின் கரையிலோ, யமுனையின் கரையிலோ இருப்போர் அந்தந்த ஆற்றையே நாடலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கட்டுச்சோறு ஒரு மூட்டை, ஊர்க்காரர் ஒருவரின் துணை, இவை போதும். 'உங்கள் ஆற்றை எங்கே நின்று பார்த்தால் அழகு?' என்று அவரிடம் கேளுங்கள். எந்த மாநிலத்தவரும் அக்கேள்விக்கு முகம் மலர்ந்தே விடை கூறுவார். அவர் காட்டுகிற மேட்டிலே பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போய் நில்லுங்கள். அடுத்த முறை ஊரிலிருந்து வரும் உறவினர், "நீங்கள் இருக்கும் ஊர் எப்படி?" என்று கேட்கும்பொழுது, விடை கூற நம் பிள்ளைகளே முந்திக்கொள்வார்கள்.